ஆசிரியரை நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகள் ரோட்டில் உட்காரப் போகிறார்கள்: தடுப்பதா, விடுவதா?

கேள்வி: என் மகள் செக்கானூரணி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். இயற்பியலும் கணக்கும் எடுத்த இரண்டு தற்காலிக ஆசிரியர்களை 'நிதி இல்லை' என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை வகுப்பைப் புறக்கணித்துவிட்டு உசிலம்பட்டி ரோட்டில் உட்காரப் போவதாகப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். தடுப்பதா, விடுவதா? கேஸ், டிசி என்று ஏதாவது வந்துவிடுமா?

பதில்: பிள்ளைகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு இயற்பியலும் கணக்கும் நடத்த ஆள் இல்லை என்றால் அவர்கள் கேட்காமல் யார் கேட்பது? போராட்டத்தைத் தடுக்காதீர்கள். ஆனால் ரோட்டில் உட்காருவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், யாரிடம் எதைக் கேட்பது என்று தெளிவு வேண்டும்.

'நிதி இல்லை' என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கிட்டு நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது உண்மை. ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி ஆகியவற்றுக்கு 2012இல் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அந்தத் திட்டத்தின் கீழ் வந்தவர்கள். ஆனால் உங்கள் மகளுக்கு இயற்பியலும் கணக்கும் எடுப்பது வேறு, அது முதுகலை ஆசிரியர் பணி. அதை நிரந்தரமாக நிரப்புவது ஆசிரியர் தேர்வு வாரியம். அது நிரப்பும் வரை, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக ஆள் வைக்கிறார்கள். 2022இல் இதற்கு மாதம் 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆக, உங்கள் பள்ளியில் தீர்ந்தது எந்தப் பணம், அதை அனுப்ப வேண்டியவர் யார் என்று தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் பகுதியில் முக்கியமானது. பள்ளியின் போர்டைப் பாருங்கள். செக்கானூரணி, உசிலம்பட்டி வட்டாரத்தில் பல பள்ளிகள், பிரமலைக் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்தில் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அவை பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வருவதில்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் பொறுப்பில் இருப்பவை. அவற்றுக்கு மதுரையிலுள்ள கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநரிடம் போக வேண்டும். சாதாரண அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். மதுரை நகருக்குள் மாநகராட்சிப் பள்ளி என்றால் ஆணையர். தவறான அலுவலக வாசலில் நின்று, 'இது எங்கள் துறை இல்லை' என்ற பதிலோடு திரும்பி வரும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் அதிலேயே போய்விடும்.

அடுத்தது கோரிக்கை. 'எங்கள் சாரைத் திரும்ப அனுப்புங்கள்' என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் தற்காலிக ஆசிரியருக்கு அந்த இடத்தில் தொடரும் சட்ட உரிமை மிகக் குறைவு. 'தற்காலிகம்தானே' என்று ஒரு வரியில் மனுவை முடித்துவிடுவார்கள். 'அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருக்கிறது, அதை நிரப்புங்கள்' என்று எழுதினால் அப்படி முடிக்க முடியாது. நிரந்தர ஆசிரியர் வர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பக்கத்துப் பள்ளி ஆசிரியரை வாரத்தில் மூன்று நாளாவது மாற்றுப்பணியில் அனுப்பும்படியும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு மேலிடத்தில் நிதி வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட அளவிலேயே உத்தரவு போடலாம். இதற்கிடையில், நிறுத்தப்பட்ட ஆசிரியர்களையே குறைந்தது பொதுத்தேர்வு வரை தொடர வைக்கவும் கேட்கலாம். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் கூடியபோது கோரிக்கை ஒற்றை வரிதான். அதைச் செய்யக்கூடியவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவசரச் சட்டம் வந்தது. உங்கள் பிள்ளைகளின் அட்டையிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும்.

இப்போது சட்டம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. ஆனால் ரோட்டை மறித்தால் கதை மாறிவிடும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒருவரைப் போகவிடாமல் தடுப்பதற்கு 126, சட்டவிரோதமாகக் கூடுவதற்கு 189 என்று பிரிவுகள் இருக்கின்றன. 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இதுபோன்ற சிறு குற்றத்துக்கு எஃப்ஐஆர் போடாமல் நாட்குறிப்பில் பதிந்து இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குத் தெரிவிப்பதுதான் விதி. ஆனால் பிளஸ் டூவில் 18 தாண்டியவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கூட நிற்கும் பெற்றோருக்கும் கிடையாது. அதைவிட, லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் ரோடு அது. அங்கே பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

பள்ளி வளாகத்திலேயே, முதல் மணிக்கு முன்னால் ஒரு மணி நேரம், தலைமை ஆசிரியருக்குச் சொல்லிவிட்டு அமரட்டும். வெளியில் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மதுரை மாநகர எல்லைக்குள் 5 நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும்.

டிசி விஷயத்தில் பயப்படாதீர்கள். அமைதியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்ததற்காக விசாரணையே இல்லாமல் ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவது முறையல்ல. மிரட்டினால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் வரும் பயம் வேறு: இயற்பியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று இருக்கும் 30 மதிப்பெண்ணில் பள்ளிக்கும் கை இருக்கிறது. இதற்காகத்தான் பெற்றோர் முன்னால் நிற்க வேண்டும் என்கிறேன். மனுவில் கையெழுத்து பெற்றோருடையதாக இருக்கட்டும். பிள்ளைகளின் பெயரும் முகமும் வாட்ஸ்அப் வீடியோக்களில் சுற்ற வேண்டாம்.

திங்கட்கிழமை என்று பிள்ளைகள் தேர்ந்தெடுத்ததும் ஒரு வகையில் நல்லதுதான். அன்றுதான் மதுரை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். தீர்மான நகலோடு பத்துப் பெற்றோர் போய் மனு கொடுத்து, ரசீதை மறக்காமல் வாங்குங்கள். அதே வாரம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றும் போடுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடந்த பணியாளர் நிர்ணயத்தில், அதாவது மாணவர் எண்ணிக்கைக்கு எத்தனை ஆசிரியர் என்று போடும் கணக்கில், இந்தப் பள்ளிக்கு எத்தனை முதுகலைப் பணியிடம், பாடவாரியாக எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மாற்றுப்பணி உத்தரவும் வராமல், பணியிடம் காலி என்று எழுத்திலும் வந்துவிட்டால், அந்தத் தாளோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வழி இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.