வீணைக்காக வாங்கிய அக்கூஸ்டிக் ஆம்ப்ளிஃபயரில் உள்ள குமிழ்களும் இணைப்புகளும் எதற்கு?

வீணைக்குக் காண்டாக்ட் மைக் பொருத்தி, அதற்கென்று 60 வாட் அக்கூஸ்டிக் ஆம்ப் ஒன்றும் வாங்கியிருப்பதாகவும், வீட்டில் வாசித்தால் நாதம் மெலிந்து தகரம்போல் ஒலிப்பதாகவும், மேடையில் சற்று ஏற்றினாலே ஊளையிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் வீணை வாசிப்பவன். இதே இரண்டு தொல்லைகளோடு சில ஆண்டுகள் போராடியவன். தந்தியில் பிறந்த ஒலி எந்த வழியாக நடந்து ஸ்பீக்கரை அடைகிறதோ அந்த வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், ஒவ்வொரு குமிழும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாகவே புரிந்துவிடும். அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உங்கள் முதல் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் வழியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே பலகையில் ஒட்டும் காண்டாக்ட் மைக்கிற்குள் இருப்பது பீசோ எனப்படும் சிறு வில்லை. அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் இந்தப் பண்பைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். பீசோ தரும் மின்குறிப்பு மிக நொய்மையானது, ஒரு சிறு மின்தேக்கியின் வழியாக வருவதைப் போன்றது. அதை வாங்கிக்கொள்ளும் துளையின் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்திற்கு அது காட்டும் எதிர்ப்பு, குறைவாக இருந்தால் மந்தர ஒலிகள் அங்கேயே வடிந்துபோகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வில்லையின் மின்தேக்கம் 1 நானோஃபேரட் என்று வைத்துக்கொண்டால், 1 மெகாஓம் துளையில் சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். 10 மெகாஓம் என்றால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அரங்கின் ஒலி மிக்ஸரில் உள்ள 10 கிலோஓம் லைன் துளையிலோ 16,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 3 கட்டையில் (E சுருதியில்) சேர்த்த வீணையில் சாரணி எனும் முதல் தந்தியின் ஸட்ஜம் ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ், மந்தரத் தந்தி 82, அனுமந்தரம் 62. நேராக லைன் துளையில் செருகிய வீணையில் அனுமந்தரம் ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இந்த எண்களே விடை. ஆகவே ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றோ ‘கிடார்’ என்றோ எழுதியிருக்கும் 6.35 மில்லிமீட்டர் ஜாக்கில்தான் செருக வேண்டும். அங்கேயும் ஒலி மெலிந்தே இருந்தால், மைக்கிற்கும் ஆம்ப்பிற்கும் நடுவே மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய பீசோ ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவழிக்கும் பணம் விலை உயர்ந்த ஆம்ப்பிற்குச் செலவழிப்பதைவிட அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சானலில் மூன்று துளைகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். இணைப்பு இருக்கும், அது பாடுபவரின் மைக்கிற்கானது. அதன் அருகே மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் ஸ்விட்ச் இருந்தால், அந்த மின்சாரம் தேவைப்படும் கண்டென்ஸர் மைக் மாட்டும்போது மட்டும், ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்து வருவது கெய்ன். இதையும் மாஸ்டர் வால்யூமையும் ஒன்றென்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உள்ளே வரும் மெல்லிய மின்குறிப்பை எவ்வளவு பெருக்கி எடுத்துக்கொள்வது என்பதைக் கெய்ன் முடிவு செய்கிறது; பெருக்கியதில் எவ்வளவு வெளியே போகலாம் என்பதை மாஸ்டர் முடிவு செய்கிறது. தானம் வாசிக்கும்போது எவ்வளவு அழுத்தி மீட்டுவீர்களோ அவ்வளவு அழுத்தி மீட்டிக்கொண்டே கெய்னை ஏற்றுங்கள். ஒலி அளவு மீறிச் சிதைவதைக் காட்டும் கிளிப் விளக்கு சிவப்பாக மின்னும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்கி நிறுத்துங்கள். அதற்குப் பின் கச்சேரி முடியும் வரை கெய்னைத் தொடாமல், மண்டபத்திற்கு ஏற்ற அளவை மாஸ்டரில் மட்டும் மாற்றுங்கள்.

தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளுக்கான பேஸ், மிடில், ட்ரெபிள் ஆகிய மூன்று குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்கி, குறைப்பதையே முதல் வழியாகக் கொள்ளுங்கள். பீசோவின் நாதத்தில் மூக்கடைத்தாற்போன்ற ஒரு கரகரப்பு உண்டு. அது பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குடியிருக்கும். மிடிலைச் சற்று இறக்கினால் நகம் தந்தியில் படும் ஓசை அடங்கி, கமகத்தின் இழைவு முன்னே வரும். ட்ரெபிளை ஏற்றினால் தெளிவு கூடியதுபோல் முதலில் தோன்றினாலும், இடது கை விரல்கள் மெட்டுகளின்மேல் உரசி ஓடும் சத்தமும், தாளத் தந்திகளின் கிணுகிணுப்பும் அதைவிட அதிகமாகக் கூடிவிடும்.

இனி ஊளைக்கு வருவோம். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி, உள்ளே குடையப்பட்ட பலாமரக் குடத்தை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வைக் காண்டாக்ட் மைக் மீண்டும் பிடித்து ஆம்ப்பிற்கு அனுப்புகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதே ஃபீட்பேக். இதற்காக ஆம்ப்பில் இரண்டு கருவிகள் வைத்திருப்பார்கள். ஃபேஸ் ஸ்விட்ச் மின்குறிப்பைத் தலைகீழாகப் புரட்டுகிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் தொலைவைப் பொறுத்து இரண்டு நிலைகளில் ஒன்றில் குடத்தின் அதிர்வு தணியும் என்பதால், ஒவ்வொரு மேடையிலும் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். நாட்ச் குமிழ் ஒரே ஒரு குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் வெட்டியெடுக்கிறது. மாஸ்டரை மெல்ல ஏற்றி, ஊளை தொடங்கும் தருவாயில் நாட்ச்சைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அது நின்றுவிடும். அங்கே நிறுத்தி, மாஸ்டரைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இவ்விரண்டையும்விட முக்கியமானது ஆம்ப்பை வைக்கும் இடம். கிடார்க்காரர் எழுந்து நின்று வாசிக்கிறார். நம் குடமோ மேடைத் தரையிலேயே அமர்கிறது. ஆம்ப்பையும் அதே மரப்பலகை மேடையில் வைத்தால் அதிர்வு காற்றுவழி மட்டுமல்லாமல் பலகைவழியாகவும் குடத்திற்கு ஏறுகிறது. ஆம்ப்பைத் தடித்த ஃபோம்மீதோ, மேடைக்கு வெளியே ஒரு நாற்காலிமீதோ வைத்து, அதன் முகம் குடத்தைப் பார்க்காதபடி திருப்பினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் குமிழை வீட்டில் சிறிது வைத்துக்கொள்ளலாம். சுவர்களே எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் அறவே வேண்டாம், விரைவுக் கமகங்கள் ஒன்றோடொன்று குழைந்துபோகும். கோரஸை எப்போதும் பூஜ்யத்திலேயே வைத்திருங்கள். அது ஒலியின் நகலைச் சற்றுத் தாமதித்து, அதன் சுருதியை மெல்ல அலையவிட்டு மூல ஒலியோடு கலப்பது. அரை மணி நேரம் உட்கார்ந்து சேர்த்த சுருதியை ஒரு குமிழுக்குப் பலிகொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பின்பக்கத்தில் மிகவும் பயன்படுவது டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) அவுட். அரங்கின் மிக்ஸருக்கு நீண்ட கேபிளில் இரைச்சல் சேராமல் ஒலியை அனுப்ப இதுவே வழி. அருகில் ப்ரீ, போஸ்ட் என்று ஸ்விட்ச் இருந்தால் ப்ரீயில் வையுங்கள். அப்போது ஒலி டோன் குமிழ்களுக்கு முன்பே பிரிந்துவிடுவதால், மேடையில் உங்கள் காதுக்காக நீங்கள் திருப்பும் டோன் குமிழ்கள் அவையோருக்குப் போகும் ஒலியை மாற்றாமல் இருக்கும். மிக்ஸரோடு இணைத்ததும் 50 ஹெர்ட்ஸில் ‘ம்ம்’ என்று உறுமல் கேட்டால் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போடுங்கள். அது மின்குறிப்புக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டுமே பிரிக்கிறது. உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒரு மண்டபத்தில் அப்படிச் செய்தது தெரியாமல் பக்கத்திலிருந்த மைக்கைத் தொட்டபோது என் கையில் மின்சாரம் சுரீரென்று அடித்தது. உயிரைக் காப்பதற்காக வைத்த கம்பி அது. யார் சொன்னாலும் அதைக் கழற்ற விடாதீர்கள்.

ஆக்ஸ் இன் துளையில் எலெக்ட்ரானிக் தம்புராவையோ செல்பேசியையோ செருகிக்கொள்ளலாம். அந்தச் சுருதி டி.ஐ. அவுட் வழியாகவும் போகிறதா என்பது ஒவ்வொரு மாடலிலும் மாறும் என்பதால், கச்சேரிக்கு முன்னரே மிக்ஸரில் இருப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் ஹெட்ஃபோன் செருகினால் ஸ்பீக்கர் ஓய்ந்துவிடும். இரவுச் சாதகத்திற்கு நல்லது.

இன்று மாலை முதல் வேலையாக, எல்லா வால்யூம் குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்து, இன்ஸ்ட்ருமென்ட் ஜாக்கில் கேபிளைச் செருகி, அதன் பிறகு பவரைப் போட்டு, மேலே சொன்னபடி கெய்னிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முடிக்கும்போது மாஸ்டரை இறக்கி, பவரை நிறுத்திய பிறகே கேபிளை உருவுங்கள். அப்போதும் அனுமந்தரம் வரவில்லையென்றால், ஆம்ப்பின் மாடலையும் காண்டாக்ட் மைக்கின் வகையையும் எழுதுங்கள்.