காப்பி எடுக்க முடியாத போட்டோ பேப்பர் இருக்கா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார், கோவில்பட்டி பக்கம் ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாண ஆர்டர்ல செலக்‌ஷனுக்குன்னு 4x6 பிரிண்ட் போட்டு குடுத்தா பார்ட்டி அதையே ஸ்கேன் பண்ணி வேற லேப்ல பெருசா போட்டுக்கிறாங்க, அப்புறம் ஆல்பமே வேணாங்கிறாங்க. காப்பி எடுக்க முடியாத பேப்பர் எதுவும் இருக்கா?

பதில்: அப்படி ஒரு பேப்பர் கிடையாதுங்க. கண்ணுக்கு தெரியுறது கேமராவுக்கும் தெரியத்தான் செய்யும், காப்பியை மட்டமா வர வைக்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. கிளாஸியில, அதாவது வழவழன்னு பளபளக்குற பேப்பர்ல போட்டா ஸ்கேன் சுத்தமா வந்துரும், அதனால சில்க் பேப்பர்ல போடுங்க. அதுல தேன்கூடு மாதிரி பொடிப்பொடியா மேடு இருக்கும்ல, ஸ்கேனர் லைட் சாய்வா விழுறப்போ ஒவ்வொரு மேடும் மின்னி முகம் பூரா வெள்ளைப் புள்ளியா வரும். ஆனா விவரம் தெரிஞ்ச ஆளு நேரா ஒரு தடவை, தலைகீழா ஒரு தடவை ஸ்கேன் பண்ணி ரெண்டையும் போட்டோஷாப்ல சேர்த்து அந்தப் புள்ளியையும் முக்கால்வாசி எடுத்துருவாரு. சில்க்கை மட்டும் நம்பி இருக்க வேணாம்.

அதைவிட சைஸ்ல கை வைங்க. 4x6 இன்ச் பிரிண்ட்னா 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) கணக்குல 1200க்கு 1800 பிக்சல், ஸ்கேனரை 600ல வச்சாலும் பிரிண்ட்ல இல்லாத டீடெய்ல் வரப்போறதில்ல. ஆனா 12x18 போட்டு சுவத்துல மாட்டி தள்ளி நின்னு பாக்குறவங்களுக்கு அதுவே போதும், அதான் உங்க ஆர்டர் போகுது. செலக்‌ஷனுக்கு தனித்தனி பிரிண்டே குடுக்காதீங்க, ஒரு ஏ4 ஷீட்ல நம்பர் போட்டு 20 படம் வச்சு குடுங்க, ஒரு படம் ரெண்டு இன்ச் அகலம்கூட வராது, செலக்ட் பண்ண அது தாராளம். ஸ்டுடியோ பேரை மூலையில போட்டா வெட்டிட்டு போயிருவாங்க, நடுவுல சேலை டிசைன் மேல ஓடுற மாதிரி போடுங்க. பின்பக்கம் சாதா ரப்பர் ஸ்டாம்ப் வேணாம், அந்த பேப்பர் பிளாஸ்டிக் கோட்டிங், இங்க் சீக்கிரம் காயாம அடுத்த பிரிண்ட் முகத்துல ஒட்டிக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒண்ணு, உங்க கடிதத்துல அதைப் பத்தி பேச்சே இல்லைங்கிறதுதான் எனக்கு கவலை. பில்லுல என்ன எழுதி வாங்குறீங்க? 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுல, காசு குடுத்து ஒருத்தர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா அவர்தான் முதல் உரிமையாளர்னு இருக்கு. அதாவது எழுதி வாங்காத கல்யாண போட்டோவுக்கு காப்பிரைட் பார்ட்டிகிட்ட, அவங்க வேற லேப்ல போட்டா நீங்க திருட்டுன்னு சொல்லவே முடியாது. எத்தனையோ ஸ்டுடியோக்காரங்க நெகட்டிவ் நம்மகிட்ட இருக்கு, ஃபைல் நம்மகிட்ட இருக்கு, உரிமையும் நமக்குத்தான்னு நெனச்சுக்கிட்டே தொழில் பண்றாங்க, மனசு கஷ்டமா இருக்கு. அட்வான்ஸ் வாங்குறப்பவே காப்பிரைட் ஸ்டுடியோவுக்கு, மறுபிரிண்ட் எங்ககிட்டதான்னு பில்லுல தமிழ்லயே போட்டு கையெழுத்து வாங்கிருங்க. கூடவே எடுத்த கூலியை தனியாவும் ஆல்பத்தை தனியாவும் போட்டு, கூலியை முழுசா முன்னாடியே வாங்கிட்டா அவங்க காப்பி எடுத்தாலும் உங்க உழைப்புக்கு நஷ்டம் இல்ல.

கேள்வி: வால்பாறை டீ எஸ்டேட் மூடுபனியில நானா போய் எடுத்த படத்தை பிரேம் போட்டு ஒரு கம்பெனிக்கு வித்தேன். அதையே போட்டோ எடுத்து சிவகாசியில காலண்டர் அடிச்சு குடுத்துட்டாங்க. காசு குடுத்து வாங்கினோம்ல, அது எங்களுதுங்கிறாங்க. கேஸ் போடலாமா?

பதில்: தாராளமா போடலாம். அவங்க வாங்கினது அந்த ஒரு பிரிண்டை, மாட்டிக்கலாம், வேற ஆளுக்கு விக்கலாம், அச்சடிக்க முடியாது. யாரும் சொல்லி எடுத்த படம் இல்லைங்கிறதால உரிமை உங்களுது, உங்க ஆயுள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம். பதிவு பண்ணலையேன்னு பயப்படாதீங்க, அது கட்டாயம் இல்ல, கேமராவுல இருந்து வந்த ரா ஃபைலை, அதாவது எதுவும் மாத்தாத மூல ஃபைலை பத்திரமா வைங்க. முதல்ல வக்கீல் நோட்டீஸ் விடுங்க, சிவில் கேஸுக்கு அவங்க ஊருக்கு அலைய வேணாம், அதே காப்பிரைட் சட்டம் 62வது பிரிவுப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டக் கோர்ட்லயே போடலாம். தெரிஞ்சே காப்பி அடிச்சது நிரூபணம் ஆனா 63வது பிரிவுல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரை அபராதம்.

கேள்வி: என் கல்யாண போட்டோவை கேக்காம ஸ்டுடியோக்காரர் ஷோகேஸ்ல பெருசா மாட்டியிருக்கார். எடுக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம்மா. முதல்ல பில்லை எடுத்துப் பாருங்க, விளம்பரத்துக்கு சம்மதம்னு எதுலயும் கையெழுத்து போடலைன்னா படம் எடுக்க காசு குடுத்த உங்க வீட்டுப் பக்கம்தான் சட்டம், நேர்ல போய் எடுக்கச் சொல்லுங்க, எழுதியும் குடுங்க.