கொச்சியில் ஒருநாள் தங்கிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, நேராக ஆலப்புழை போய்விடலாமா?

இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. "கொச்சியில என்ன இருக்கு, சீனவலையைப் பாத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் சொல்லவில்லை என்றாலும், வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆலப்புழையை நான் மட்டம் தட்டவில்லை. காயலும் படகுவீடும் அழகுதான், போய்வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் தடவை அம்மாவோடு போனது ஒரு வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. வாடகைக் கார் ஓட்டி வந்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. பூட்டிய கதவைக் காட்டிவிட்டு, வரிசையாக மூன்று கைவினைக் கடைகளில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா ஒன்றிலும் இறங்கவில்லை.

அடுத்த வருஷம் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து மறுபடி கூட்டிப்போனேன். 'டச்சு அரண்மனை' என்று சொல்வார்கள். உண்மையில் 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே நின்று பார்த்தால் ஓடு வேய்ந்த, வெள்ளையடித்த ஒரு பெரிய வீடு. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். சிலர் இதைப் பார்த்துவிட்டே திரும்பிவிடுகிறார்கள். மாடியேறி ராஜாவின் பள்ளியறைக்குள் போங்கள். சுவர் முழுக்க ராமாயணம்.

தசரதரின் யாகத்தில் தொடங்குகிறது கதை. காவி, மஞ்சள், பச்சை என்று மண்ணிலும் செடியிலும் எடுத்த நிறங்கள். ஓர் உருவத்துக்கும் அடுத்த உருவத்துக்கும் நடுவே விரல் வைக்க இடம் கிடையாது. பூ, இலை, நகை என்று எதையாவது எழுதி நிரப்பியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அன்று அரை மணிக்கு மேல் நின்றார். படம் எடுக்க அனுமதி இல்லாததும் நல்லதாகப் போயிற்று, கண்ணால் மட்டும் பார்த்தோம். வரும்போது காலடியைப் பார்த்து, "கருங்கல்லா இது?" என்றார். அது கல் இல்லை. சுட்ட கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தளம்.

கீழே இறங்கியதும் அம்மா சொன்னார்: "நம்ம கோயில்லயும் இருந்துச்சுடா. சின்ன வயசுல அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பேன்."

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து விதானத்திலும் ஓவியம் இருந்தது. கும்பாபிஷேகத் திருப்பணி என்று சொல்லிச் சுண்ணாம்பு அடித்தார்கள், அதற்குமேல் எனாமல் பெயிண்ட். தூண்களில் மணலைப் பீய்ச்சிச் சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிப்போயின. கேட்டால், "பழசா, அழுக்கா இருந்துச்சு" என்றார்கள். பக்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நானும் அந்தக் கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவன்தான். அழிந்தது அழிந்ததுதானே, திரும்ப யார் எழுதித் தருவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களின் தொழுகைக்கூடமான பரதேசி சினகாக், 1568இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலப் பூவேலை ஓடுகள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், திறக்க மாட்டார்கள். ஆகவே வெள்ளி, சனி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் அது. கால்மணி நேரம் போதும்.

திரும்பும்போது மட்டும் கார் வேண்டாம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட் துறைக்கு வாட்டர் மெட்ரோ படகில் ஏறுங்கள். மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும். பழைய படகுகளில் ஒரு கையை நான் பிடிக்க, இன்னொரு கையை யாராவது பிடிக்க, பயந்து பயந்து கால் வைப்பார் அம்மா. இதில் யார் கையையும் பிடிக்காமல் நடந்து உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு பக்கம் வல்லார்பாடத்தில் கப்பல் பெட்டிகளைத் தூக்கும் கிரேன்கள். மறுபக்கம் வெலிங்டன் தீவு. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி, அள்ளிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. சொன்னபோது அம்மா நம்பவில்லை. "இவ்வளவு மண்ணா?" என்று கரை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ஃபோர்ட் கொச்சித் துறையில் வரிசை நீளும். ராத்திரி ரயில் என்றால், சூரியன் மறையும்வரை கரையிலுள்ள சீன மீன்பிடி வலைகளின் பக்கம் நிற்காமல் கொஞ்சம் முன்னாலேயே போய்ப் படகு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.