35 நாள் சுழற்சிக்கு 21-ம் நாள் டெஸ்ட் சரியா? – குழந்தைப்பேறு கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு வயது 27, கணவருக்கு 31. எட்டு மாதமாக முயற்சி செய்கிறோம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, கரு தங்கவில்லை. இப்போதே குழந்தைப்பேறு சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டுமா?

இன்னும் நான்கு மாதம் பொறுக்கலாம். 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஓராண்டு முயன்றும் கரு தங்காதபோதுதான் பரிசோதனைக்கு வரவேண்டும். 35-ஐத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். 40-ஐத் தாண்டிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். இருபதுகளில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம்தான். 40 வயதில் அது 5 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது.

சிலருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்கள், மாதவிலக்கின்போதோ உறவின்போதோ கடும் வலி உள்ளவர்கள், முன்பு கருக்குழாயில் கரு தங்கியவர்கள் உடனே காட்டுவது நல்லது. கணவருக்குச் சிறுவயதில் விதை இறங்காத பிரச்னை இருந்திருந்தாலும், கீமோதெரபி எடுத்திருந்தாலும் அப்படியே.

ஆரம்பப் பரிசோதனைகளை மகப்பேறு மருத்துவரே செய்துவிடுவார். இரண்டு குழாயிலும் அடைப்பு, விந்தணு மிகக் குறைவு, மாத்திரை கொடுத்தும் சில மாதங்களில் பலன் இல்லை என்றால் இனப்பெருக்க மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். ஆண் பக்கக் குறைக்கு ஆண்ட்ராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரைக்கு மட்டும் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். தினம் 400 மைக்ரோகிராம், இன்றே தொடங்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு கூடுதலாகத் தேவைப்படலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு. 21-ம் நாள் ரத்தத்தில் எடுத்த புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளியான பிறகு கூடும் ஹார்மோன்) 0.9 தான் இருந்தது. "முட்டையே வெளியாகவில்லை" என்கிறார்கள். முட்டை வெளியாகும் நாளைச் சிறுநீரில் பார்க்கும் கிட்டிலும் 14-ம் நாள்வரை கோடு வரவில்லை.

முட்டை வெளியாகவில்லை என்று இந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 21-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கு உரியது. முட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. அப்படியானால் உங்களுக்கு அது 21-ம் நாள் வாக்கில். அதன்பிறகுதான் புரோஜெஸ்டிரோன் ஏறும். முட்டை வெளியாகி ஒரு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் ரத்தம் கொடுக்க வேண்டியது 28-ம் நாள். அப்போது 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ரிப்போர்ட்டைச் சரிபார்க்கவும் வழி உண்டு. ரத்தம் கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் மாதவிலக்கு வந்தது என்று எண்ணுங்கள். ஒரு வாரத்தை ஒட்டி வந்திருந்தால் சரியான நாளில் எடுத்திருக்கிறார்கள். உங்களைப் போல இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம்.

கிட்டை 16-ம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். டெஸ்ட் கோடு கன்ட்ரோல் கோட்டின் அளவுக்கு அழுத்தமாக வந்தால்தான் பாசிட்டிவ். மங்கலான கோடு கணக்கில் வராது. டெஸ்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள், கோடு வெளிறிவிடும். பாசிட்டிவ் வந்த ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான்; விந்தணுவோ ஐந்து நாள்வரை தாங்கும். அதனால் கோடு வரும்வரை காத்திருந்தால் நல்ல நாட்கள் போய்விடும். 16-ம் நாளிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கு இந்தக் கிட் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும்; அவர்களுக்கு முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன்தான் நம்பகமானது.

கேள்வி: கணவரின் விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 90 லட்சம். முந்தின மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல். நேராக ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) என்கிறார்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஐ.வி.எஃப். முடிவுக்கு வருவது அவசரம். விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். காய்ச்சலின் பாதிப்பு அடுத்த இரண்டு, மூன்று மாதத்து ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். வயது உங்களை நெருக்கினால் மட்டும் அதற்குள் மற்ற பரிசோதனைகளை முடித்துவையுங்கள்.

விந்து மாதிரி எடுக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இடைவெளி 2 முதல் 7 நாள் இருக்க வேண்டும். பத்து நாள் சேர்த்துவைத்தால் அசைவு குறையும். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது டப்பாவுக்கு வெளியே போய்விட்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும்; வெட்கப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 160 லட்சம், மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 சதவீதம் என்று பார்த்துப் பதறுபவர்கள் ஏராளம், அதுவே போதுமானது. எல்லைக்குக் கீழே இருப்பதால் அப்பாவாக முடியாது என்றும் இல்லை. ஆனால் 50 லட்சத்துக்கும் கீழே போனால் மரபணுப் பரிசோதனை வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்களா என்றும் அவரிடம் கேளுங்கள். ஆண்மை கூடும் என்று போடும் அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்காகும்.

கேள்வி: வயது 29. ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.8. இயற்கையாகக் கரு தங்காதா?

தங்கும். ஐ.வி.எஃப்.-க்காக ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதைத்தான் ஏ.எம்.ஹெச். சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. அதை முடிவு செய்வது பெரும்பாலும் வயது. மாதத்துக்கு ஒரு முட்டை வந்தால் போதுமே! கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்திருந்தால் அளவு குறைத்தும் காட்டும். குழந்தையைத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள்.

கேள்வி: ஒரு ஐ.வி.எஃப். மையத்தில் 50 சதவீத வெற்றி என்கிறார்கள். நம்பலாமா?

எதை வெற்றி என்கிறார்கள், யாரை எண்ணினார்கள் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, 100 பேர் ஊசி தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். 70 பேருக்குக் கரு வைக்கிறார்கள், 35 பேருக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், 25 பேருக்குக் குழந்தை பிறக்கிறது. 70-ல் 35 என்றால் 50 சதவீதம். 100-ல் 25 என்றால் 25 சதவீதம். இரண்டும் அதே மையத்தின் கணக்குதான். உங்கள் வயதில், சொந்த முட்டையில், தொடங்கியவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறைக்கு எத்தனை கரு வைக்கிறார்கள் என்பதையும் விடாதீர்கள். இரண்டு, மூன்று வைத்தால் எண் ஏறும். இரட்டைக் குழந்தையும் குறைப்பிரசவமும் சேர்ந்தே ஏறும்.

கேள்வி: உறவுக்குப் பின் காலை உயர்த்திப் படுக்க வேண்டுமா?

வேண்டாம். விந்தணு சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் போய்விடும். பிறகு வழிவதைப் பற்றிக் கவலையில்லை. வழவழப்புக்குப் பயன்படுத்தும் ஜெல்லைத்தான் பார்க்க வேண்டும். பல ஜெல்கள் விந்தணுவின் அசைவைக் கெடுக்கும். விந்தணுவைப் பாதிக்காது என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.