சிப்போர்டு கேபினெட் வேண்டாம், வெள்ளை நிறம் சரி

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட் தாமான் வீட்டுச் சமையலறையை முழுக்க வெள்ளைப் பளபளப்பில், சிப்போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கேபினெட்டில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளை அழகாகவே இருக்கும், தயங்காதீர்கள். சிப்போர்டு மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் சிங்க் குழாய் கசிந்தது தெரியாமல் போய், அடிப்பலகை தேநீரில் ஊறிய பிஸ்கட் போல உப்பிவிட்டது. ஒருநாள் கதவைத் திறந்தேன், கீல் திருகாணியோடு கையில் வந்தது. சிங்க் பக்கமாவது அலுமினியம் போடுங்கள். தண்ணீரில் ஊறாது, கறையானும் அரிக்காது. மர நிறத்திலும் கிடைக்கிறது.

தினமும் தாளிக்கிற வீடு என்கிறீர்கள். அப்படியென்றால் அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த அலமாரி வைக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். புகைபோக்கியைக் கேஸ் அடுப்புக்கு மேலே 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் மாட்டலாம், அந்த மாடலின் கையேட்டையும் பாருங்கள். குவார்ட்ஸ் மேடை நல்ல தேர்வுதான். ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கிற சட்டியை நேரே வைத்தால் தடம் விழும். மஞ்சள் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

அப்புறம், மேடை உயரம். வழக்கமாக 85 முதல் 90 செ.மீ. வைப்பார்கள். அம்மாதான் அதிகம் சமைப்பார் என்றால், அளவெடுக்க வரும் நாளில் அவரையே அங்கே நிற்க வையுங்கள். முழங்கைக்குக் கீழே 10 முதல் 15 செ.மீ. இருந்தால் நறுக்கும்போது முதுகு வலிக்காது.