கேளுங்க, பேசலாம்: நூத்துக்கு ஒரு ரூபா குடுக்கிற நாடு

கேள்வி: சார், அமெரிக்கா, இங்கிலாந்தெல்லாம் ஏழை நாடுகளுக்குக் குடுக்கிற பணத்தை வெட்டுது, லக்ஸம்பர்க்னு ஒரு குட்டி நாடு மட்டும் வெட்டலன்னு என் பையன் சொல்றான். நெசமா? அவ்ளோ சின்ன நாடு குடுத்து என்ன ஆவப்போவுது?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: நெசம்தாம்மா. லக்ஸம்பர்க் ஐரோப்பாவுல இருக்கு, நம்ம கடலூர் மாவட்டத்தை விடச் சின்ன நாடு, ஜனம் ஏழு லட்சம்கூட இல்ல. ஆனா நாட்டு வருமானத்துல நூத்துக்கு ஒரு ரூபாயை ஏழை நாடுகளுக்குன்னு எடுத்து வைக்குது, அதுவும் கடனா இல்ல, மானியமா. பணக்கார நாடுங்க நூத்துக்கு 70 பைசாவாவது குடுக்கணும்னு ஐ.நா. பொதுச்சபை 1970லயே தீர்மானம் போட்டுச்சு, 2024ல அதைத் தொட்டது நார்வே, லக்ஸம்பர்க், சுவீடன், டென்மார்க் நாலே நாலுதான். அமெரிக்கா குடுத்தது 22 பைசா. ஆனா தொகையாப் பாத்தா அதுவே 6,000 கோடி டாலருக்கு மேல, லக்ஸம்பர்க்கோடது சுமார் 60 கோடி டாலர், அதனால பெரிய நாடுங்க விட்ட பள்ளத்தை இவங்களால ரொப்ப முடியாது.

நான் மதிக்கிறது தொகையை இல்லம்மா, சொன்னா சொன்னபடி வருஷா வருஷம் வருது பாருங்க, அதை. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் நம்ம பக்கம் கரையேறினப்ப பண்ருட்டியில முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுதே, மறுபடி கன்னு வச்சவங்களைக் கேளுங்க, முந்திரி காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷமாவது ஆகும், கூட நிக்கிறேன்னு சொன்ன ஆளு ரெண்டாம் வருஷம் கைய விரிச்சா போட்ட காசும் போச்சு கன்னும் போச்சு.

2025 ஜனவரி 20ல டிரம்ப் கையெழுத்துப் போட்டு 90 நாளைக்கு உதவியை நிறுத்தினப்ப ஆனது அதான். ஆப்பிரிக்காவுல லட்சக்கணக்கான பேர் 2003ல ஆரம்பிச்ச அமெரிக்கத் திட்டத்தை நம்பி எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறாங்க, அதை ஒரு நாள்கூட விடக்கூடாது, நிறுத்திட்டா கிருமி திரும்பப் பெருகிடும். உயிர் காக்கிற மருந்துக்கு விலக்குன்னு அப்புறம் சொன்னாங்கதான், ஆனா அதுக்குள்ள பல ஊர்ல வேலையாளுங்களை அனுப்பிட்டாங்க, கிளினிக்கைப் பூட்டிட்டாங்க. எனக்கு இது தாங்கவே முடியல. இங்கிலாந்து ராணுவச் செலவைக் காட்டி 50 பைசாவை 2027க்குள்ள 30 ஆக்கப்போவுது. லக்ஸம்பர்க்குக்கும் நேட்டோங்கிற ராணுவக் கூட்டணிக்கான செலவு ஏறத்தான் செய்யுது, இருந்தும் அந்த ஒரு ரூபாய்ல கை வைக்கல. தன் ஊருக்கு வந்த அகதிகளுக்கு ஆகிற செலவைக்கூட இந்தக் கணக்குல சேக்கிறதில்ல, பல நாடு அதையும் சேத்துத்தான் உதவின்னு காட்டுது.

கேள்வி: சுனாமிக்கு வெளிநாட்டு அரசுப் பணமே வேணாம்னு சொன்னோமே, அது சரியா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: சின்னதா குடுக்கிற நாடுங்களை 2003லயே தொண்டு நிறுவனம், ஐ.நா. வழியா குடுங்கன்னு டெல்லி சொல்லிடுச்சு தம்பி. 2004 டிசம்பர்ல தேவனாம்பட்டினத்துல நம்ம ஜனங்க பிள்ளைங்களைத் தேடிக்கிட்டு இருந்தப்பவே நம்ம கடற்படைக் கப்பல் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நிவாரணம் கொண்டு போச்சு. அப்புறம் சீரமைப்புக்கு உலக வங்கிக் கடன் வாங்கிக்கிட்டோம். நமக்கு அந்தத் தெம்பு இருந்துச்சு, அதனால சரின்னுதான் சொல்வேன். லாவோஸ், செனகல் மாதிரி நாடுங்களுக்கு அந்தத் தெம்பு இல்ல தம்பி, லக்ஸம்பர்க் பணம் போறதும் அங்கதான்.