மீசை முளைத்தால் போதுமா? எல்லையோர வாசகர்களுக்கு ஓய்வுபெற்ற எக்சைஸ் (கலால்) துறைக்காரரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பொள்ளாச்சியில் பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் யாருக்கோ பிறந்தநாள் என்று நாலு பேர் சேர்ந்து அவனை இங்கே கேரளப் பக்கம் ஒரு ஹோட்டல் பாருக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மூன்று பாட்டில் பீர் குடித்திருக்கிறான். திரும்பி வரும்போது வண்டி வாய்க்கால் பாலத்தில் மோதி, காறை எலும்பு முறிந்துவிட்டது. பார் மேனேஜரைக் கேட்டால், "பையன் ஆள் வளர்த்தி, மீசை வேறு இருந்தது, பில் கொடுத்ததும் அவன் இல்லை" என்கிறார். புகார் கொடுத்தால் மகன் மேலேயே கேஸ் வரும், பேர் கெட்டுப்போகும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், வேலந்தாவளம்

பதில்: புகார் கொடுங்கள் அம்மணி. இந்த வாரமே கொடுங்கள். ஏன் அவசரம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மீசைக் கதை. கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். 21 ஆக இருந்ததை 2018-இல் உயர்த்தினார்கள். கேரளத்தின் மதுச் சட்டமான அப்காரிச் சட்டத்தின் 15ஏ பிரிவு குடிப்பவருக்கு, 15பி விற்பவருக்கு. உங்கள் மகனைப் பார்த்து இருபது வயது என்று மேனேஜர் உண்மையாகவே நினைத்திருந்தாலும், இருபது வயதுக்காரனுக்கு ஊற்றியதும் குற்றம்தான். வயதில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேட்பது அவர் வேலை. கேட்காமல் விட்டுவிட்டு மீசையைக் காட்டுவது எனக்குப் பழக்கமான பேச்சு. முப்பது வருட சர்வீஸில் இதைக் கேட்காத பரிசோதனை குறைவு.

15பி-யை மீறினால் 63-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார் நடத்துகிறவருக்கு ஐயாயிரம் ஒரு மேஜையின் சாயங்கால வசூல். ஆனால் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுத்தால் கதையே வேறு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு: 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவு 'விற்றவர்' என்று சொல்லவில்லை, 'கொடுத்தவர், கொடுக்கச் செய்தவர்' என்கிறது. பில் யார் கொடுத்தார் என்பது மேனேஜருக்கு ஒளிந்துகொள்ளும் இடம் ஆகாது. அதே சமயம், பில் கொடுத்த அந்தக் கூட்டாளிக்கு வயது 18 தாண்டியிருந்தால் அவனும் இதே பிரிவில்தான் வருவான். இதையும் தெரிந்துகொண்டே புகார் எழுதுங்கள்.

பார் முதலாளிகள் உண்மையில் பயப்படுவது லைசென்ஸுக்கு. நிபந்தனையை மீறினால் லைசென்ஸை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ எக்சைஸ் துறைக்கு அதிகாரம் உண்டு. ஒரு பாரின் ஆண்டு லைசென்ஸ் கட்டணமே 35 லட்சம். பத்து நாள் கதவு சாத்தியிருந்தால் என்ன நஷ்டம் என்று அவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும்.

மகன் மேல் கேஸ் வருமா என்றால், குடித்தது சட்டப்படி தவறுதான், மறைக்க வேண்டாம். ஆனால் 18 நிரம்பாதவன் விஷயம் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். லாக்கப் கிடையாது, ஜெயில் கிடையாது. அவன் பெயரையோ பள்ளியையோ படத்தையோ பத்திரிகையில் போட்டால் போட்டவருக்குத்தான் தண்டனை. அது அதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: வண்டியை ஓட்டியது யார்? உங்கள் மகன் ஓட்டியிருந்தால், வண்டியின் உரிமையாளருக்கும் பெற்றவர்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. உங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருந்தால் அதை நிரூபிக்க இடம் உண்டு. வக்கீல் ஒருவரைப் பார்த்து இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அவசரத்துக்குக் காரணம் சிசிடிவி. பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்; போன மாதத்துச் சங்கதி இப்போதே அழிந்திருக்கலாம். தேதி, நேரம், எந்த மேஜை என்பதை எழுதி, பதிவை எடுத்து வைக்கச் சொல்லிப் புகாரிலேயே கேளுங்கள். பில்லை ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் போனில் நேரத்தோடு இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்திருங்கள். வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம், ஆதார் அட்டையை நம்பிப் போகாதீர்கள். புகாரின் ஒரு நகல் போலீஸுக்கு, ஒரு நகல் எக்சைஸ் ஆபீஸுக்கு. மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஒரு தடவை ஒரு பாரில் மேஜைக்கு அடியில் இரண்டு ஸ்கூல் பேக் கிடந்தன. "சாப்பிட வந்த பிள்ளைகள் சார்" என்றார் சப்ளையர். பில்லில் நாலு பீர். கேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பையனின் அப்பா வந்தார். மகனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, பார் முதலாளி தனக்கு வேண்டியவர், விட்டுவிடுங்கள் என்றார். அவர் மேலும் வாடை அடித்தது. பெஞ்சில் இருந்த அந்தப் பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை வருடம் கழித்தும் அந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது. நீங்கள் மகனுக்காக எழுதியிருக்கிறீர்கள் அம்மணி. பின்வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. தமிழ்நாட்டில் எனக்குத் தடையில்லை. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள்ளுக்கடையில் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கள்ளுக்குமா இந்தச் சட்டம்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: கள்ளுக்கும்தான். தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தச் சட்டம். தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை என்பதால் பொள்ளாச்சி, கோயமுத்தூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே வந்து குவிகிறார்கள். பனையும் தென்னையும் தருவது மது ஆகாது என்று பெரியவர்களே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். அப்காரிச் சட்டத்தில் கள்ளும் மதுதான். உங்களைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் சரியானதைச் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் இன்னும் நாலு பேர் வேண்டும்.

கேள்வி: நான் ஒரு பாரில் சப்ளையர். வயதைக் கேட்டால் கஸ்டமர் போய்விடுவார், கேட்காதே என்கிறார் முதலாளி. கிளாஸ் கழுவ ஒரு பையன் இருக்கிறான், பதினாறு இருக்கும். கூட்டம் அதிகமானால் அவன் கையிலும் டிரேயைக் கொடுத்து அனுப்புகிறோம். மாட்டினால் யார் மாட்டுவோம்?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: தம்பி, முதலில் நீங்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 'கொடுத்தவர்' என்றால் பாட்டிலைத் திறந்து ஊற்றிய கையும் அதில் அடங்கும். முதலாளி சொன்னார் என்பதற்குச் சாட்சி யார் வருவார்? ஆர்டர் எடுக்கும்போதே, சின்ன வயதாகத் தெரிகிற எல்லோரிடமும் டிரைவிங் லைசென்ஸோ வாக்காளர் அட்டையோ கேளுங்கள். "எக்சைஸ் செக்கிங் இருக்கிறது" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கிளாஸ் கழுவும் பையன் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளைகளை வைத்து மது கொண்டுபோகச் செய்வதும் விற்கச் செய்வதும் அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவு. அதற்கும் 7 ஆண்டு வரை, 1 லட்சம் வரை. முதலாளியிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் 1098-க்கு அழையுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். அதுவரை அந்த டிரேயை அவன் கையில் கொடுக்காதீர்கள்.